தனித்து நின்றவருக்குத் துணைநின்ற கடிதங்கள் – சவேரியாரும் நம் மலாக்காவும்



ரெம்பியாவிலிருந்து மலாக்கா நகருக்கு ஒரு மணி நேரத்திற்குள் சென்றுவிடலாம். நம் மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும்போது செயின்ட் பால் குன்றின் மீது ஏறாமல் திரும்புவதில்லை. கூரையில்லாத பழைய தேவாலயம், சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்ட ஒல்லாந்தர் கல்லறைக் கற்கள், வாயிலில் வலக்கை இழந்து நிற்கும் ஒரு வெண்சிலை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு மாணவர்கள் கீழே இறங்குகிறார்கள். 1511-இல் போர்த்துக்கீசியர் வந்தனர், 1641-இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர் என்ற ஆண்டுக் குறிப்புகளையும் சொல்லிக்கொடுக்கிறோம்.

ஆனால் 1952-இல் நிறுவப்பட்ட அச்சிலையில் நிற்பவர் மலாக்காவுக்கு வருவதற்கு முன்பே தமிழ் மக்களிடையே வாழ்ந்தவர். தமிழில் வேண்டுதல்களை மனப்பாடம் செய்து கற்பித்தவர். அச்செய்தியை நாம் மாணவர்களுக்கு அரிதாகவே சொல்கிறோம். அவர்தாம் புனித பிரான்சிஸ் சவேரியார்.

இக்கட்டுரை அவருடைய அற்புதங்களைப் பற்றியதன்று. அவருடைய சமயக் கொள்கையை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். தொலைவான இடத்தில் தனியாக ஒரு பொறுப்பைச் சுமந்து நிற்பவர் எவ்வாறு சோர்ந்துபோகிறார், அவரை நிமிர்த்தி வைப்பது எது என்பதற்கு அவருடைய வாழ்க்கையில் தெளிவான சான்றுகள் உள்ளன. பிறருக்கு ஆறுதல் சொல்லும் பணியில் இருப்பவருக்கும் ஆறுதல் தேவை என்பதை ஊரார் எளிதில் மறந்துவிடுகின்றனர். தேவாலயத்துப் போதகருக்கும் தோட்டத்து உபதேசியாருக்கும் மட்டுமன்றி, நம்மைப் போன்ற ஆசிரியருக்கும் இது பொருந்தும். ஆகையால் இவ்வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நன்று.

முத்துக்குளித்துறையில்

சவேரியார் 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் ஸ்பெயின் பகுதியிலுள்ள நவார் நாட்டில் பிறந்தவர். பாரிசு நகரில் பயின்றபோது இஞ்ஞாசியார், பீட்டர் பேபர் ஆகியோருடன் ஒரே அறையில் தங்கியிருந்தார். அந்த நட்பிலிருந்துதான் இயேசு சபை உருவாயிற்று. 1534-இல் எழுவர் ஒன்றுகூடி உறுதிமொழி எடுத்துக்கொண்டனர். 1540-இல் போப்பாண்டவர் அச்சபையை ஏற்றுக்கொண்டார். நண்பர்களோடு ஒன்றாகவே வாழ்ந்து பழகிய ஒருவர் இவர் என்பதை நாம் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

அவ்வாறு வாழ்ந்தவர் 1541 ஏப்ரல் 7-ஆம் நாள், தம் முப்பத்தைந்தாம் பிறந்தநாளன்று, லிசுபனிலிருந்து கப்பலேறினார். பதின்மூன்று மாதங்கள் கழித்து, 1542 மே 6-இல் கோவாவை அடைந்தார். அதே ஆண்டின் இறுதிப் பகுதியில் தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக்குச் சென்றார்.

அங்கிருந்த பரதவ மக்கள் ஏறக்குறைய இருபதாயிரம் பேர், 1530-களில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறித்துவ சமயத்தை ஏற்றிருந்தனர். ஆயினும் அவர்களின் மொழியில் பேசக்கூடிய குரு ஒருவரும் இல்லை. சவேரியாருக்கும் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசும் அறிந்த சிலரைக் கூட்டி உட்காரவைத்து, பல நாள் உழைத்து, அடிப்படை வேண்டுதல்களைத் தமிழாக்கினார். பின்னர் அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார்.

மனப்பாடம் செய்த வேண்டுதல் வேறு. மக்களோடு பேசும் பேச்சு வேறு. மொழிபெயர்ப்பாளர் நோயுற்றபோது அவர் பட்ட பாட்டை 1544 ஆகத்து மாதக் கடிதம் ஒன்றில் எழுதியுள்ளார். தாம் சொல்வது மக்களுக்கு விளங்கவில்லை, மக்கள் சொல்வது தமக்கு அதைவிடக் குறைவாக விளங்குகிறது என்கிறார். ஆனாலும் ஏழைகள் தங்கள் தேவையை உணர்த்துவதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கவில்லை என்றும் அதே கடிதத்தில் குறிப்பிடுகிறார். மொழி தெரியாத ஊரில் தனியாக இருப்பதன் துன்பத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

மன்சிலாசுக்கு எழுதியவை

அக்கடிதத்தைப் பெற்றவர் பிரான்சிஸ்கோ மன்சிலாஸ். சவேரியாருடன் ஐரோப்பாவிலிருந்து புறப்பட்டு வந்த இருவருள் ஒருவர். எளிமையும் ஆர்வமும் உடையவர். படிப்பில் சற்றுப் பின்தங்கியவர். கடற்கரையின் ஒரு பகுதியில் அவரும் மற்றொரு பகுதியில் சவேரியாரும் பணியாற்றினர். 1544 பிப்ரவரி முதல் திசம்பர் வரை மன்சிலாசுக்குச் சவேரியார் எழுதிய கடிதங்களில் இருபதுக்கும் மேற்பட்டவை இன்று கிடைக்கின்றன. மணப்பாடு, புன்னைக்காயல், ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், தூத்துக்குடி என்று நமக்குத் தெரிந்த ஊர்ப்பெயர்கள் அவற்றின் தலைப்பில் உள்ளன. சில வாரங்களில் மூன்று நான்கு நாளுக்கு ஒரு கடிதம் என்ற கணக்கில் எழுதியிருக்கிறார்.

அவர் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் வேறு வகையானவை. 1544 சனவரியில் எழுதிய நீண்ட கடிதம் மறு ஆண்டே பாரிசில் அச்சாகிப் பலரையும் எழுச்சி கொள்ளச் செய்தது. மன்சிலாசுக்கு எழுதியவையோ சிறியவை. அன்றாட வேலையைப் பற்றியவை. உலகம் அறிந்தது முதல் வகையை. ஆனால் தனித்திருந்த ஒரு மனிதரைத் தாங்கி நிறுத்த முயன்றவை இரண்டாம் வகைக் கடிதங்களே.

அவற்றைப் படித்துப் பார்த்தால் சில பண்புகள் தெரிகின்றன.

முதலாவது, பொறுமையை வேண்டுகிறார். மக்கள் சொன்னபடி கேட்கவில்லை என்று மன்சிலாஸ் மனம் புழுங்கும்போது, பிள்ளைகள் தவறு செய்தாலும் நல்ல தந்தை அவர்களைக் கைவிடுவதில்லை என்று நினைவூட்டுகிறார். செய்ய முடிந்ததைச் செய்தால் போதும், எல்லாம் முடியவில்லையே என்று வருந்த வேண்டா என்கிறார்.

இரண்டாவது, செய்தி கேட்கிறார். அங்கு எப்படி இருக்கிறது, யார் என்ன செய்தார், எதையும் விடாமல் விரிவாக எழுதுக என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். மேலிடத்திற்கு அனுப்பும் அறிக்கைக்காகக் கேட்பது போல அது இல்லை; அறிந்துகொள்ளும் ஆவலோடு கேட்பது போலவே இருக்கிறது.

மூன்றாவது, பணத்தை மறப்பதில்லை. ஒவ்வோர் ஊரிலும் சிறுவர்களுக்கு வேண்டுதல் கற்பித்து, மக்களைக் கூட்டி வைத்தவர்கள் உள்ளூர்க் கணக்கப்பிள்ளைகள். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. அக்கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்திற்காகப் போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கு ஒதுக்கப்பட்ட 4000 பணத்தையே சவேரியார் கேட்டுப் பெற்றார். கற்பிப்பவர்களுக்குச் சம்பளம் போய்ச் சேர்ந்ததா என்பதைக் கடிதங்களில் கவனித்துக்கொள்கிறார்.

நான்காவது, தம் சோர்வை மறைப்பதில்லை. போர்த்துக்கீசிய அதிகாரிகளும் வணிகர்களும் உள்ளூர் மக்களுக்கு இழைத்த கொடுமைகளைக் கேட்டுக் கேட்டு, உயிர்வாழ்வதே சலிப்பாகிவிட்டது என்று எழுதுகிறார். ஒரு தோணியில் ஏறி எங்காவது போய்விடலாமா, எத்தியோப்பியா நாட்டுக்குச் சென்று பணியாற்றலாமா என்றுகூட அவர் மனம் அலைந்தது. பின்னாளில் புனிதர் என்று உலகம் போற்றிய ஒருவர், தமக்குக் கீழே பணியாற்றியவரிடம் இவ்வாறு மனந்திறந்தார். தலைவரே தம் களைப்பை ஒளிக்காமல் சொல்லும்போது, கேட்பவருக்குத் தம் களைப்பு வெட்கத்திற்குரியதாகத் தோன்றாது அல்லவா?

ஐந்தாவது, வேண்டிய நேரத்தில் தாமே புறப்பட்டுச் செல்கிறார். 1544 சூன் மாதம் விசயநகரப் படையைச் சேர்ந்த வடுகர்கள் கன்னியாகுமரிப் பகுதியைத் தாக்கியபோது, மக்கள் கடற்பாறைகளில் ஒளிந்து பசியாலும் தாகத்தாலும் வாடினர். உணவும் நீரும் ஏற்றிய இருபது தோணிகளோடு சவேரியார் கடல்வழியே சென்றார். காற்று எதிர்த்து அடித்ததால் கரைசேர இயலவில்லை. பின்னர்த் தரைவழியே நடந்து போனார். இவற்றையும் மன்சிலாசுக்கு எழுதித் தெரிவிக்கிறார்.

மலாக்காவில்

1545-இல் மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கிய பின், அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் சவேரியார் முதன்முதலாக மலாக்காவில் கால் வைத்தார். நோயாளிகளைப் பார்ப்பது, சிறுவர்களுக்குக் கற்பிப்பது, வேண்டுதல்களை மலாய்மொழியில் ஆக்குவது எனப் பழைய வேலைகளைப் புதிய ஊரில் தொடங்கினார். 1546-இன் தொடக்கத்தில் மலுக்குத் தீவுகளை நோக்கிப் புறப்பட்டார்.

அங்கே அம்போன் தீவிலிருந்து 1546 மே மாதம் ஐரோப்பியத் தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி உள்ளது. தோழர்கள் தமக்கு எழுதிய கடிதங்களிலிருந்து அவர்கள் தம் கையால் இட்ட பெயர்களை மட்டும் வெட்டியெடுத்து, தாம் எடுத்த உறுதிமொழியோடு சேர்த்து எப்பொழுதும் தம்மிடம் வைத்திருப்பதாகச் சொல்கிறார். அவர்கள் நினைவே தமக்கு ஆறுதல் என்பது அதன் கருத்து. புகைப்படம் இல்லாத காலம். ஒரு மனிதர் இன்னொருவருக்கு அனுப்பக்கூடிய அடையாளம் கையெழுத்து ஒன்றே.

அக்காலக் கடிதப் போக்குவரத்தை அறிந்தால் இதன் அருமை நன்கு விளங்கும். கப்பல்கள் பருவக்காற்றை நம்பியிருந்தன. லிசுபனிலிருந்து மார்ச், ஏப்ரலில் கிளம்பும் கப்பல் செப்டம்பர் அளவில் கோவாவைச் சேரும். கோவாவிலிருந்து மலாக்காவுக்கு வேறு கப்பல், வேறு காற்று. மலாக்காவிலிருந்து மலுக்குத் தீவுகளுக்கு மற்றொன்று. மலுக்குவிலிருந்து ஒரு கேள்வியை உரோமாபுரிக்கு எழுதினால் விடை திரும்புவதற்கு ஏறக்குறைய நான்காண்டுகள் ஆகும். மலாக்கா அந்தக் காற்றுகள் மாறும் இடம். கப்பலுக்கும் கடிதத்திற்கும் காத்திருப்போரின் ஊராக நம் மலாக்கா அன்று இருந்தது.

1547 சூலையில் சவேரியார் மலாக்காவுக்குத் திரும்பியபோது, மலுக்குத் தீவுகளுக்குச் செல்லும் வழியில் இயேசு சபையினர் மூவர் அங்கு வந்திருந்தனர். ஏறக்குறைய ஒரு மாதம் அவர்களோடு தங்கி, தாம் கண்டவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னார். புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு முன்சென்றவர் உட்கார்ந்து விளக்கிச் சொல்வது எவ்வளவு பெரிய துணை! மறு ஆண்டு 1548-இல் பிரான்சிஸ்கோ பெரேசு, ரோக் தெ ஒலிவேரா என்னும் இருவரை மலாக்காவுக்கு அனுப்பினார். ஒருவரை மட்டும் அனுப்பாமல் இருவராக அனுப்பியது நோக்கத்தக்கது. அவர்கள் இங்கு ஒரு பள்ளியையும் தொடங்கினர்.

1549-இல் ஜப்பானுக்குப் புறப்பட்டபோதும் பின்னர் 1552-இலும், கோவாவில் பொறுப்பில் இருந்தோருக்கு அவர் தந்த அறிவுரைகளில் ஒரே கருத்து மீண்டும் மீண்டும் வருகிறது: வெளியூர்களில் உழைப்பவர்களின் தேவையே முதலில் கவனிக்கப்பட வேண்டும், கோவாவில் கட்டடம் எழுப்புவது அதற்குப் பிறகுதான், அவர்கள் கேட்டெழுதினால் அன்போடு விரைந்து செய்ய வேண்டும், அவர்களுக்கு மனக்கசப்பு உண்டாகும்படி எழுதக்கூடாது. தலைமை நிலையம் வளர்வதற்காகக் கடைக்கோடியில் இருப்பவரைப் பட்டினி போடக்கூடாது என்பது இதன் சாரம். இன்றைய சமய அமைப்புகளும் கல்வி அமைப்புகளும் இதனைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கடிதம் வந்தது. ஒரு கடிதம் வரவில்லை

1551 இறுதியில் ஜப்பானிலிருந்து திரும்பும் வழியில், மலாக்காவில் சவேரியாருக்கு இஞ்ஞாசியாரின் கடிதம் கிடைத்தது. எக்காலத்திலும் உம்மை மறக்க இயலாதவன் என்ற பொருளில் அக்கடிதம் முடிந்திருந்தது. அச்சொற்களைக் கண்ணீரோடு படித்ததாகவும், கண்ணீரோடே விடை எழுதுவதாகவும் 1552 சனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதினார். இந்தியா முதல் ஜப்பான் வரை சென்று வந்த ஒருவரைக் கடிதத்தின் கடைசி வரி ஒன்று அழவைத்தது.

அதே ஆண்டு மலாக்காவில் அவருக்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. சீனாவுக்குத் தூது செல்ல அவரும் வணிகர் தியோகோ பெரேராவும் செய்த ஏற்பாட்டை, மலாக்காவில் அதிகாரத்திலிருந்த அல்வாரோ தெ அத்தாயிதே தடுத்துவிட்டார். பெரேராவைப் போகவிடவில்லை. சவேரியார் மட்டும் கப்பலேறிச் சீனக் கடற்கரையை ஒட்டிய சாங்சுவான் தீவை அடைந்தார். உள்ளே அழைத்துச் செல்வதாகச் சொன்ன வணிகர் வரவில்லை. 1552 திசம்பர் 3-ஆம் நாள், நாற்பத்தாறாம் வயதில், ஒரு குடிசையில் காலமானார். அப்போது அருகிலிருந்து பணிவிடை செய்தவர் அந்தோனியோ என்ற சீன இளைஞர். 1553 மார்ச்சில் அவருடைய உடல் மலாக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, நாம் காணும் அக்குன்றின் மீதுள்ள தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் கோவாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டது.

இவை எதையும் அறியாத இஞ்ஞாசியார், 1553 சூன் 28-ஆம் நாள் உரோமாபுரியிலிருந்து அவரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வருமாறு அழைத்துக் கடிதம் எழுதினார். பெறவேண்டியவர் இறந்து ஏறக்குறைய ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. அன்பில் குறையில்லை, தொலைவு அத்தகையது. நமக்கோ இன்று அத்தொலைவு இல்லை. ஆகவே காலம் தாழ்த்துவதற்கு நாம் சொல்லக்கூடிய காரணமும் இல்லை.

கடிதத்தால் ஆகாதது

வரலாற்றை எழுதும்போது இனிப்பானதை மட்டும் எடுத்துச் சொல்வது நேர்மையாகாது. அத்தனை கடிதங்களைப் பெற்ற மன்சிலாஸ் பின்னாளில் என்ன ஆனார்? மலுக்குத் தீவுகளுக்கு வருமாறு சவேரியார் கட்டளையிட்டபோது அவர் போகவில்லை. அதனால் சவேரியாரே அவரை இயேசு சபையிலிருந்து விலக்கினார். பக்கத்து ஊரிலிருந்து மூன்று நாளுக்கு ஒருமுறை எழுதிய அதே மனிதர், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து அனுப்பியது ஒரு கட்டளையை. மன்சிலாசின் தரப்பு நமக்கு விரிவாகத் தெரியவில்லை. ஆயினும் அருகிலிருந்து கிடைத்த ஆதரவின் இடத்தைத் தொலைவிலிருந்து வரும் ஆணை நிரப்பாது என்று நான் கருதுகிறேன்.

இன்னொரு வழியும் உண்டு என்பதற்கு அதே கடற்கரையில் சான்று உள்ளது. 1547-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த என்றிக்கே என்றிக்கசு என்ற அடிகளார் தமிழை முறையாகக் கற்றார். 1549-இல் அவருடைய தலைவர் அந்தோனி கிரிமினாலி வேதாளையில் கொல்லப்பட்டார். பொறுப்பு என்றிக்கசிடம் வந்தது. அவர் கடற்கரையை விட்டுப் போகவில்லை. தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" என்னும் பதினாறு பக்க நூலும் 1586-இல் வெளிவந்த "அடியார் வரலாறு" என்னும் நூலும் அவருடைய முயற்சியில் உருவானவை. இந்திய மொழிகளில், தன் சொந்த எழுத்தில் முதலில் அச்சேறியது தமிழ் என்ற பெருமை அவ்வாறு கிடைத்தது. 1600-ஆம் ஆண்டில் காலமாகும்வரை ஐம்பதாண்டுகளுக்கும் மேலாக அம்மக்களோடு வாழ்ந்தார்.

சவேரியார் இரண்டாண்டுகளில் பெற முடியாத ஒன்றை இவர் பெற்றார்: மக்களோடு நேராகப் பேசும் மொழி. மொழி தெரிந்தவருக்கு ஊரே துணையாகிறது. வெளியிலிருந்து வரும் கடிதத்தோடு, உள்ளூரில் பேசிச் சிரிக்க நாலு பேர் இருந்தால்தான் மனிதர் நிலைத்து நிற்க முடியும்.

நமக்கு இதில் என்ன?

மலாயாவின் தோட்டங்களில் இந்நிலைமை நமக்குப் புதிதன்று. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அவ்வாறு தோன்றிய பல பள்ளிகளில் ஆசிரியர் ஒருவரே. ஐந்தாறு வகுப்பும் அவரே, மணி அடிப்பவரும் அவரே, கடிதம் எழுதித் தருபவரும் அவரே. தோட்டத்துத் தேவாலயத்தில் உபதேசியார் நிலைமையும் அத்தகையதே. குரு மாதத்திற்கு ஒருமுறை வருவார். மற்ற நாள்களில் நோய், சாவு, குடும்பச் சண்டை எல்லாவற்றுக்கும் உபதேசியார் வீட்டுக் கதவுதான் தட்டப்படும். அவர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்?

இன்று தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். எஞ்சியிருக்கும் சிறு தேவாலயத்திலும் சிறு கோயிலிலும் சிறு பள்ளியிலும் பொறுப்பில் இருப்பவர் முன்னைவிடத் தனியராகவே நிற்கிறார். கூட்டம் குறைந்தால் அவரைத்தான் குறை சொல்கிறோம்.

சவேரியாரின் கடிதங்களிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை எளியவை:

1. குறை சொல்வதற்கு மட்டும் தொடர்பு கொள்ளாதீர்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு, சொல்லும் விடையை முழுமையாகக் கேளுங்கள்.
2. சம்பளமும் செலவுத் தொகையும் உரிய நாளில் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். பாராட்டுரையும் பொன்னாடையும் அதற்கு ஈடாகமாட்டா.
3. கூடுமானவரை ஒருவரைத் தனியாகப் பொறுப்பில் நிறுத்தாதீர்கள். இருவராக அனுப்ப முடியாவிடில், பக்கத்து ஊரில் அதே பணியில் இருப்பவரோடு இணைத்து வையுங்கள்.
4. பொறுப்பில் மூத்தவர்கள் தங்கள் சோர்வையும் இளையவர்களிடம் சொல்லுங்கள்.
5. பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவருக்கும் உங்கள் குடும்பத்திற்காக வேண்டுபவருக்கும் ஆண்டில் ஒருமுறையாவது ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் கையால் பெயரிட்டு எழுதுங்கள்.

அடுத்த முறை மாணவர்களைக் குன்றுக்கு அழைத்துச் செல்லும்போது, ஆண்டுகளை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்லாமல், நண்பர்களின் கையெழுத்தை வெட்டியெடுத்து உடன் வைத்திருந்த மனிதரின் செய்தியையும் சொல்லுங்கள். வீடு திரும்பியபின், தங்களுக்கு உதவிய ஒருவருக்கு அவர்களே ஒரு கடிதம் எழுதட்டும். தமிழ்மொழிப் பாடத்தில் கடிதம் எழுதும் பயிற்சி எப்படியும் இருக்கிறது. அதனை உண்மையான ஒருவருக்கு அனுப்பிவிடலாம்.